திரைக்குப் பின்னால் பார்த்த கை

முதல் நாள் எங்கள் தெருவிலிருந்து போய் சினிமாத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தது நாங்கள் இரண்டு பேர், நானும் என் சிநேகிதனும். வராதவர்களையும் சொல்லிவிடுகிறேன். அவன் அம்மா வரவில்லை. மில்லில் அவளுக்கு அன்று மாலை முறை. அவன் அப்பா சைகோனுக்குக் கப்பலேறி நாலு வருஷம் ஆகியிருந்தது, காகிதமும் வருவதில்லை. துறையில் மூட்டை தூக்குகிற என் அப்பாவுக்கு சினிமா என்றாலே ஆகாது. வராதது இன்னொன்றும் உண்டு. என் சிநேகிதனுடைய வலது கை. அது இரண்டு மாதத்துக்கு முன்பே போய்விட்டது.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் கொட்டகை ஞாபகம் இருக்கும். பொங்கல் கழிந்ததும் முத்தியால்பேட்டைத் திடலில் கூடாரம் அடித்து ஊமைப் படம் காட்டுவார்கள். இன்று பேசும் படத்துக்கு முண்டியடிக்கிற நாம், எட்டு வருஷத்துக்கு முன் எங்கே உட்கார்ந்து படம் பார்த்தோம் என்று சொல்ல வெட்கப்படுகிறோம். எனக்கு வெட்கமில்லை. முன்பக்கம் தலைக்கு இரண்டணா, திரைக்குப் பின்பக்கம் அரையணா. பின்பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, துணியில் ஊறி இந்தப் பக்கம் வருகிற படத்தைப் பார்க்கவேண்டும். துணி காய்ந்தால் படம் மங்கிவிடும். அதனால் ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருள் மாட்டுகிற நேரத்தில் ஒரு ஆள் வாளித் தண்ணீரைத் திரைமேல் விசிறி அடிப்பான். பாதி எங்கள் தலையில் விழும். ஈரத்துணி வாசனை எங்கே வந்தாலும் நான் இன்றைக்கும் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுகிறேன். ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படி ஏறியவன் நான்தான். பிரெஞ்சுப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். சிநேகிதன் என்னைவிட ஒரு வயது பெரியவன். எங்கள் சுவருக்கு அடுத்த வீடு. மூன்று வருஷம் தமிழ் படித்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டான். என்னை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மிசியே" என்பான், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். கேலிதான். ஆனால் வேறு யாராவது என்னைக் கேலி செய்தால் அடிக்கப் போவான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், பஞ்சு ஓடுகிற மெஷினில் அவன் கை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் அப்பா என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். "நீ பாக்காத. பயந்துடுவே. படிப்பு கெட்டுப்பூடும்" என்றார். பார்க்காமல் இருந்ததில்தான் என் பயம் வளர்ந்தது என்று இப்போது தோன்றுகிறது. எட்டு நாள் கழித்து நானே சுவரேறிக் குதித்துப் போய்ப் பார்த்தேன். வெள்ளைத் துணி சுற்றிய முனை, அவன் பேசும்போதெல்லாம் அவன் பேச்சுக்குத் தக்கபடி அசைந்தது. இல்லாத கையால் அவன் சைகை காட்டிக்கொண்டிருந்தான்.

"மிசியே, உள்ளங்கை அரிக்குதுடா. சொறிஞ்சு விடு" என்றான்.

"எந்த உள்ளங்கை?"

"போனதுதான்."

"எங்கடா சொறியறது?"

"இங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி. ஒரு சாண் தள்ளி."

வெறும் காற்றில் என் விரல்களை ஆட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "ஆங், அங்கதான்" என்றான். அன்று ஓடிவந்து கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். எதைக் கழுவினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவன் அம்மா அவனுக்குச் சோறு ஊட்டினாள். வீட்டு வாசலில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று வாசலிலேயே உட்கார்த்தி ஊட்டினாள். இடது கை நன்றாகத்தானே இருக்கிறது, அதால் தின்னட்டுமே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பீச்சாங்கையால் சோற்றைத் தொடுவதை நம் ஊரில் எந்தத் தாய் பொறுப்பாள்? "வாயைத் தொற ராசா" என்று அவள் உருட்டி நீட்டும்போது தெருப் பையன்கள் எதிர்ச்சுவரில் உட்கார்ந்துகொண்டு, "பாப்பா மம்மு துன்னுது! பாப்பாவுக்கு மீசை மொளைக்குது!" என்று கத்துவார்கள். அவள் கல்லெடுத்து எறிவாள். பிறகு மறுபடி ஊட்டுவாள். அது அன்பு என்றுதான் நினைத்தாள். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை.

மார்கழியில் அவன் சாப்பிடுவதைக் குறைத்தான். ஒரு விடியற்காலை வைத்திக்குப்பத்து மீன்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தானாம். "குளிக்கப் போனேன்" என்றான். முழங்கால் தண்ணீருக்குமேல் கடலில் இறங்காதவன் அவன். எனக்கு அது தெரியும். அவன் அம்மாவுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கொட்டகை வந்தது. "இவன எங்கயாச்சும் கூட்டினு போடா கண்ணு. சிரிக்கிறாப்பல எதாச்சும் காட்டு" என்று அவன் அம்மாவே என்னிடம் சொன்னாள். அன்று ஓடிய படம் சிரிக்கிற படமில்லை. அது எனக்குத் தெரியாது.

ரயிலடியில் வேலை செய்கிற இரண்டு வெள்ளைக்காரச் சிநேகிதர்கள். ஒருவன் உயரம், அவனை நாங்கள் படத்துத் துரை என்போம். மற்றவன் எந்நேரமும் தொப்பி போட்டவன். இரண்டு ரயில்பெட்டிகளுக்கு நடுவில் தொப்பிக்காரன் அகப்பட்டுக்கொள்ள, துரை பாய்ந்து அவனைத் தள்ளிவிட்டுத் தன் கையைக் கொடுத்துவிடுகிறான். திரையின் முன்பக்கம் கதை சொல்பவர் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, "போச்சே! கை போச்சே! மகாஜனங்களே, இனி இந்த உத்தமனுக்கு யார் கதி!" என்று அலறினார். கை என்றுதான் சொன்னார். எந்தக் கை என்று சொல்லவில்லை. முன்னால் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டிய அவசியமில்லை.

எங்களுக்குத் தெரிந்தது, வலது சட்டைக்கை வெறுமையாகத் தொங்கியது.

என் சிநேகிதன் முட்டி போட்டு எழுந்து உட்கார்ந்தான். பின்னாலிருந்தவர், "தலைய எறக்குடா, ஓட்டக் கொடம்!" என்றார். அவன் காதில் விழவில்லை. துரை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். தொப்பிக்காரன் தினமும் வந்து பேசாமல் பக்கத்தில் உட்காருகிறான். பிறகு ஒரு நாள் துரை எழுந்து, இருக்கிற கையால் கரண்டியைப் பிடித்துக் கஞ்சி குடிக்கிறான். கொட்டிக்கொள்கிறான். மறுபடி பிடிக்கிறான். தொப்பிக்காரன் கிண்ணம் நகராமல் பிடித்துக்கொள்கிறானே தவிர, ஊட்டவில்லை.

"பீச்சாங்கை" என்றான் என் சிநேகிதன் மெதுவாக. "மிசியே, பீச்சாங்கையாலடா. தொரைடா அவன்!"

அந்தச் சமயத்தில் திரையில் எழுத்து வந்தது. பிரெஞ்சு. நாலு மாதமாக நான் படித்துவந்த எழுத்துகள், ஒன்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. முதலில் என் படிப்பில்தான் கோளாறு என்று வெட்கப்பட்டேன். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் முகம் திருப்பி நின்றன. எழுத்து திரும்பியிருந்தால் கதவும் திரும்பியிருக்கிறது. கட்டிலும் திரும்பியிருக்கிறது.

கையும் திரும்பியிருக்கிறது.

துரைக்குப் போனது இடது கை. அவன் கஞ்சி குடித்தது, எல்லோரையும்போல், வலது கையால்.

எங்களோடு உட்கார்ந்திருந்த அறுபது எழுபது பேரில் அது யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு எழுத்து தெரியாது. வலம் இடம் பார்க்கிறபடி யாருக்கும் கையும் போகவில்லை. எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் அவன் முகம் திரையின் வெளிச்சத்தில் பளபளவென்றிருந்தது. இரண்டு மாதத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்திருக்கவில்லை. இதைச் சொன்னால் மறுபடி கடலுக்குப் போய்விடுவான் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அவன் அம்மாவின் கூச்சல் சுவரைத் தாண்டி வந்தது. "மாதாவே! பீச்சாங்கையால சோறா! யாரு வவுத்துல பொறந்த நீ!"

ஓடிப் போனேன். தட்டு கவிழ்ந்து கிடந்தது. இடது கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்க, அவன் நிமிர்ந்து நின்றான்.

"தொரையே துன்றான். இவனக் கேளு. இவனும்தான் பாத்தான்."

"சிலுவை போடறதே சோத்தாங்கையாலதான்டா! தொரையாவது துன்றதாவது!" அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கண்ணு. நெசமா?"

"ஆமா அத்தே. நெசந்தான். பீச்சாங்கைதான்" என்றேன்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "படிச்ச புள்ள சொல்லுது" என்று முணுமுணுத்துக்கொண்டே கீழே உட்கார்ந்து, சிந்திய சோற்றை அள்ளித் தட்டில் போட்டாள். தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். அவன் தின்று முடிக்கும்வரை திறக்கவில்லை. படித்தவன் பொய் சொல்லமாட்டான் என்று அந்த வீட்டில் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் நான் பொய் சொன்னேன்.

அதன் பிறகு ஒன்று விட்டு ஒரு நாள் கொட்டகைக்குப் போனோம். அவன் படம் பார்க்கப் போகவில்லை, பாடம் கேட்கப் போனான். துரை தீக்குச்சி கிழிப்பதைப் பார்த்துவிட்டு வந்து கிழித்தான். பொத்தான் போடுவதைப் பார்த்துவிட்டு வந்து போட்டான். "நீதான்டா தொப்பி. கெட்டியா புடி" என்பான். நான் பிடித்துக்கொள்வேன்.

தை பாதியில் மில் கிளார்க் அவன் அம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னார். கப்பலுக்குப் போகிற துணி மூட்டைகளின் மேல் தூரிகையால் அடையாளம் எழுதுகிற கிழவருக்குக் கண் மங்கிவிட்டது. "பையன் பிரெஞ்சு எழுத்தும் நம்பரும் போடுவான்னா கூட்டியா. தை முடிஞ்ச திங்கக்கிழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் வேற ஆள் போட்டுடுவாங்க. எந்தக் கைன்னு மில்லு தொரை கேக்கமாட்டாரு, எழுத்தத்தான் பாப்பாரு."

நம்பர் அவனுக்குத் தெரியும். பிரெஞ்சு எழுத்தை நான்தான் சொல்லித்தர வேண்டும். தெருவே எனக்கு மரியாதை கொடுத்தது. என் அப்பாகூட, "எழுத்து ஒண்ணு மாறுனா மூட்டை வேற தேசத்துக்குப் பூடும். ஒழுங்கா சொல்லிக் குடு" என்றார்.

எனக்கோ தூக்கம் போய்விட்டது. எழுத்து தெரிந்துவிட்டால், அடுத்த தடவை திரைக்குப் பின்னால் உட்காரும்போதே எல்லாம் திரும்பியிருப்பதை அவன் கண்டுபிடித்துவிடுவான். அப்போது நான் செய்த காரியத்தை இன்றுவரை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிற எழுத்துகளாகப் பொறுக்கிச் சொல்லிக்கொடுத்தேன். கூரைபோல் ஒன்று, ஆ. வட்டம், ஓ. கைகாட்டி மரம்போல் ஒன்று, தே. பிறகு இக்ஸ், வே, எம். கரியால் சுவரெல்லாம் எழுதினான். பதினைந்து நாளில் பத்து நாள் அதிலேயே போயிற்று.

பதினோராம் நாள் துறைக்குப் போகிற மாட்டுவண்டிகளை வழியில் நின்று பார்த்துவிட்டு வந்தான்.

"மிசியே, என்னாடா சொல்லிக் குடுக்கறே? மூட்டையில நீ சொன்ன எழுத்து ஒண்ணு ரெண்டுதான்டா இருக்கு. எல்லா மூட்டையிலயும் மொதல்ல ஒண்ணு நிக்கிது, கம்பத்துல ரெண்டு கொடி கட்டுனாப்பல. அது என்னா?"

"எஃப்" என்றேன்.

"ஏன் சொல்லல?"

"அது கஷ்டம்டா. கடைசியில வரும்."

"கடைசி எப்ப? திங்கக்கிழமைக்கு அப்பறமா?"

வேறு வழியில்லை. மீதி எழுத்துகளை, கொட்டகைப் பக்கமே போகாமல், ஐந்து நாளில் கொட்டினேன். காலை, சாயங்காலம், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன். அந்தக் கொடி எழுத்தைத் திருப்பித் திருப்பித் தப்பாகப் போட்டான். அவன் இடது கைக்குக் கொடி இடப்பக்கம்தான் வந்தது. நான் கத்தினேன். ஒரு நாள் கரியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"கொடி என் இல்லாத கை பக்கம் பறக்கணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

அதன் பிறகு ஒரு தடவையும் தப்பவில்லை.

சனிக்கிழமை படத்துக்குக் கடைசி நாள். போகவேண்டாம் என்று தலைவலி, வயிற்றுவலி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "திங்கக்கிழம பரீட்சடா. தொரை காயிதம் எழுதறத ஒரு தடவ பாத்துட்டுப் பூடறேன்" என்று இழுத்துக்கொண்டு போனான். அந்தக் காட்சியில் துரை, ஊரைவிட்டுப் போய்விட்ட தொப்பிக்காரனுக்குத் தன் கையால் முதல் கடிதம் எழுதுவான். கடிதம் திரை முழுவதும் பெரிதாக வரும். முதல் வார்த்தை 'ஃப்ரேர்'. சகோதரனே என்று அர்த்தம். முதல் எழுத்து கொடி எழுத்து.

துரையின் கை எழுதத் தொடங்கியது. நான் திரையைப் பார்க்கவில்லை, இவனைப் பார்த்தேன். உதடு அசைந்தது. நின்றது. தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு முனையைத் தூக்கிப் பார்த்தான்.

"மிசியே" என்றான். "கொடி இருக்கிற கை பக்கம் பறக்குது."

நான் குனிந்து மணலைக் கிளறினேன்.

சுருள் முடிந்து விளக்கு வந்தது. வாளிக்காரன் தண்ணீர் அடித்தான். எல்லோரும் தலையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் எழுந்து கூடாரத்தைச் சுற்றி நடந்தான். நான் பின்னால் ஓடினேன். முன்வாசலில் டிக்கெட் ஆள் காலை நீட்டி மறித்தான். "பின்சீட்டுக் காரனுங்களுக்கு இங்க என்னா வேல? உள்ள போவணும்னா தலைக்கு ரெண்டணா."

"கடைசி சுருள்தான் அண்ணே" என்றேன்.

"கடைசியோ மொதலோ, ரெண்டணா."

அப்பா எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கக் கொடுத்த காசு இடுப்பில் இருந்தது. எடுத்தேன். சிநேகிதன் என் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தானே நீட்டினான். டிக்கெட் ஆள் வாங்காமல், "டேய், பொழுது போன நேரத்துல லச்சுமிய பீச்சாங்கையால நீட்டறியே. சோத்தாங்கையால குடு" என்றான்.

அவன் வலது முனையை நீட்டினான். "அது மில்லுல இருக்குது. போயி வாங்கிக்க."

டிக்கெட் ஆள் இடது கையிலிருந்தே காசை எடுத்துக்கொண்டான்.

முன்பக்கம் நின்று கடைசிச் சுருளைப் பார்த்தோம். தொப்பிக்காரன் ரயிலில் திரும்பி வருகிறான். துரை கையைத் தூக்கி ஆட்டுகிறான். வலது கை. நல்ல, முழுசான, ஐந்து விரல் உள்ள வலது கை. முன்பக்கத்துக்காரர்கள் கைதட்டினார்கள். என் சிநேகிதன் தட்டவில்லை; தட்டவும் முடியாது.

வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே."

அவ்வளவுதான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்றிரவைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. விடியும் முன்பே அவன் அம்மா எங்கள் கதவை இடித்தாள். "கண்ணு, அவன் பாயில இல்லடா!" நான் அப்பாவுக்குப் பதில் சொல்லாமல் கடலைப் பார்த்து ஓடினேன். முள் குத்தியது தெரியவில்லை. மாதாவை அழைத்தேன், மாரியம்மனை அழைத்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சுப் பாடத்தையெல்லாம்கூட வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓடினேன். வைத்திக்குப்பத்துக் கரையில் இருட்டு வெளுத்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் தலை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். எல்லா அலையும் தலையாகத் தெரிந்தது.

"கால எடு" என்றது குரல். "எழுத்த மிதிக்கிற."

என் காலடியில் இருந்தான். ஈரமணலில் உட்கார்ந்து, இடது கை விரலால் எழுதிக்கொண்டிருந்தான். அலை வந்து அழிக்க அழிக்க, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மறுபடி எழுதியிருக்கிறான். கொடி எழுத்து. வரிசையாக, எல்லாக் கொடியும் வலப்பக்கம் பறந்தன.

நான் மணலில் விழுந்து அழுதேன். அவன் இன்னொரு கொடி எழுதினான். எழுதிவிட்டு, "சரியா இருக்கா பாரு மிசியே" என்றான்.

"இருக்குடா."

"அந்தத் தொரைக்கு இது வருமா?"

"எது?"

"பீச்சாங்கையால."

யோசித்தேன். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். "வராது. அவனுக்கு சோத்தாங்கை இருக்குது."

"அதான்" என்றான். பிறகு இல்லாத கையை என் முகத்தருகே கொண்டுவந்து, "அரிக்குது. சொறி" என்றான். சொறிந்தேன். கழுவத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மில் கிடங்கில், சாக்குத் துணி சுற்றிய மூட்டை முன்னால் தூரிகையும் மைத் தகரமும் வைத்தார்கள். அவன் இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டான். அவன் அம்மா பார்த்தாள், தானும் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் மைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். நான் சாய்த்துப் பிடித்ததில் மை சிந்தியது. அவன் ஒரு சொட்டும் சிந்தவில்லை. வெள்ளைக்காரர் குனிந்து பார்த்து, "சவா" என்றார். கிளார்க் அதை அவன் அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். "பரவாயில்லையாம்."

அன்று சாயங்காலம் அப்பா நோட்டுப் புத்தகத்தைக் கேட்டார். வாங்கவில்லை என்றேன். காசு எங்கே என்றார். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கையை ஓங்கியவர், பாதியில் இறக்கி, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நெசத்த அந்தப் பக்கம் போயி பாக்க எவ்ளோடா ஆச்சு?"

"ரெண்டு பேருக்கும் சேத்து நாலணா."